மீன் தின்னாத மீன்கொத்தி: வாசகர் கேள்வி – பதில்

போன இதழின் கடைசிப் பக்கத்தில், குவாம் தீவின் காட்டு மீன்கொத்தியான சிஹெக் 36 வருடம் கழித்து மறுபடி ஒரு காட்டில் பறக்கிறது என்று நாலு வரிச் செய்தி போட்டிருந்தோம். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரே கேள்வியைப் பல பேர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன். இந்த முறை பகுதி முழுக்க அந்தப் பறவைக்குத்தான்.

கேள்வி: மீன்கொத்தி என்றால் குளத்தங்கரையில் உட்கார்ந்து மீன் பிடிப்பது. நீங்கள் "காட்டுக்குள் பல்லி தின்று வாழும் மீன்கொத்தி" என்று எழுதியிருக்கிறீர்கள். அச்சுப்பிழையா? – வாசகர், கும்பகோணம்

பிழை இல்லை. இதற்கு நீங்கள் குவாம் வரைக்கும் போக வேண்டியதும் இல்லை, உங்கள் தெருவிலேயே பார்க்கலாம். நம்மூரில் சாதாரணமாகக் கண்ணில் படுகிற வெண்மார்பு மீன்கொத்தி, அதுதான் பழுப்புத் தலையும் பளபளக்கும் நீல இறக்கையும் சிவப்பு அலகுமாக இருக்குமே, அது தண்ணீரே இல்லாத இடத்திலும் சௌகரியமாக வாழும். எங்கள் வீட்டுக்கு எதிர் மின்கம்பியில் ஒன்று வந்து உட்காரும். ஒருநாள் காலையில் ஓணான் குட்டி ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து, கம்பியில் இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி என்று அடித்துக்கொண்டே இருந்தது. ஓணான் துவண்டு தொங்கிய பிறகும் நிறுத்தவில்லை, இன்னும் ஏழெட்டு அடி. அப்புறம் தலைப்பக்கமாகத் திருப்பி அப்படியே விழுங்கிவிட்டு, வால் நுனி மட்டும் அலகு ஓரத்தில் தெரிய ரொம்ப நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

உலகத்தில் மீன்கொத்தி இனங்கள் 110-க்கு மேல் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் மீனை நம்பிப் பிழைப்பவை அல்ல. ஆஸ்திரேலியாவில் சிரிக்கிற மாதிரிக் கத்தும் குக்கபரா இருக்கிறதே, அதுவும் மீன்கொத்திதான். சிஹெக்கும் இந்தக் காட்டுக் கூட்டத்தைச் சேர்ந்தது. கிளையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். கீழே பல்லியோ அரணையோ வெட்டுக்கிளியோ அசைந்தால் ஒரே பாய்ச்சல். மைனா அளவுதான் இருக்கும். தலை லவங்கப்பட்டை நிறம், கண்ணோரம் கறுப்புக் கோடு, முதுகும் வாலும் பச்சை கலந்த நீலம். உருவத்துக்குப் பொருந்தாத பெரிய தலை, பெரிய அலகு.

கேள்வி: ஆணையும் பெண்ணையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? – ஏழாம் வகுப்பு மாணவி, தேனி

வயிற்றைப் பார். லவங்க நிறமாக இருந்தால் ஆண், வெள்ளையாக இருந்தால் பெண். மீன்கொத்திகளில் இவ்வளவு சுலபமாகப் பிரிக்க முடிவது எல்லா இனத்திலும் கிடையாது.

கேள்வி: குவாமில் என்னதான் நடந்தது? ஒரு பாம்பு ஒரு தீவின் பறவைகளையெல்லாம் தின்று தீர்த்தது என்பதை நம்ப முடியவில்லை. நம்மூரிலும்தான் பாம்பு இருக்கிறது, மரத்தில் ஏறவும் செய்கிறது, குருவியும் இருக்கிறதே? – ஆசிரியை, நாகர்கோவில்

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

குவாம் மேற்குப் பசிபிக்கில், பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே, அமெரிக்க ஆட்சியில் இருக்கும் தீவு. பரப்பு சுமார் 540 சதுர கி.மீ., அதாவது சென்னை மாநகராட்சியைவிடக் கொஞ்சம் பெரிது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1940-களின் கடைசியிலோ 1950-களின் தொடக்கத்திலோ, பாப்புவா நியூ கினியின் அட்மிரால்டி தீவுகள் பக்கமிருந்து வந்த இராணுவச் சரக்கில் பழுப்பு மரப்பாம்பு ஒளிந்து வந்து இறங்கியது. யாரும் வேண்டுமென்று கொண்டுவரவில்லை. நம்மூர்ப் பூனைப்பாம்பு தெரியுமல்லவா, இரவில் திரியும், பெரிய கண், ஒல்லியாக நீளமாக இருக்கும், அதன் பேரினத்தைச் சேர்ந்ததுதான் இந்தப் பாம்பும்.

வித்தியாசம் எங்கே என்றால், நம்மூர்ப் பறவையும் பாம்பும் எத்தனையோ ஆயிரம் தலைமுறையாகச் சேர்ந்தே வாழ்ந்தவை. பாம்பைக் கண்டால் மைனா ஊரையே கூட்டும். தூக்கணாங்குருவி கிணற்றுக்கு மேலே நுனிக்கிளையில் கூடு கட்டும். பாம்பைத் தின்னக் கீரி இருக்கிறது, பருந்து இருக்கிறது, மயில் இருக்கிறது. குவாமின் காட்டுப் பறவைகள் இரவில் மரம் ஏறி வரும் பாம்பைத் தம் வாழ்நாளில் பார்த்ததே இல்லை. பாம்புக்கோ அங்கே எதிரி என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை, சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை. லட்சக்கணக்கில் பெருகிவிட்டது. முட்டை, குஞ்சு, பொந்துக்குள் அடைகாக்கும் தாய் எல்லாமே போனது. குவாமின் 12 வகைக் காட்டுப் பறவைகளில் 10 வகை அந்தத் தீவிலிருந்து மறைந்துவிட்டன.

கொடுமை என்னவென்றால், முதலில் யாரும் பாம்பைச் சந்தேகப்படவே இல்லை. பூச்சிமருந்து என்றார்கள், ஏதோ நோய் என்றார்கள். ஜூலி சாவிட்ஜ் என்ற ஆராய்ச்சியாளர்தான் பறவைகள் குறைந்த வரிசையையும் பாம்பு பரவிய வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பறவைகள் தெற்கிலிருந்து வடக்காக ஒவ்வொரு பகுதியாகக் காலியாகியிருந்தன. பாம்பும் அதே வழியில்தான் பரவியிருந்தது. காட்டில் காடையை வைத்துப் பொறி கட்டியும் பார்த்தார். 1987-ல் அவருடைய ஆய்வு வெளிவந்தபோது சந்தேகத்துக்கு இடமில்லாமல் போனது. ஆனால் அதற்குள் வடக்கு ஓரத்துக் காட்டில் மிச்சமிருந்த சிஹெக்குகளும் முடிந்துகொண்டிருந்தன. 1988-க்குப் பிறகு குவாம் காட்டில் சிஹெக் இல்லை.

பறவை போனால் பறவையோடு முடிவதில்லை என்பதையும் குவாமில் கண்கூடாகப் பார்க்கலாம். பூச்சி தின்னும் பறவைகள் இல்லாததால் சிலந்தி பெருகியது. மழைக்காலத்தில் பக்கத்துத் தீவுகளைவிட 40 மடங்கு வரை அதிகம் என்று எண்ணிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். காட்டுக்குள் நடந்தால் வலைகளை விலக்கிக்கொண்டேதான் நடக்க வேண்டும். பழம் தின்று விதை பரப்பும் பறவைகளும் போய்விட்டதால் விதைகள் தாய்மரத்தின் காலடியிலேயே விழுந்து கிடக்கின்றன, புதுக் கன்றுகள் முளைப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. அது போதாது என்று பாம்பு மின்கம்பத்தில் ஏறி அடிக்கடி கரண்டையும் நிறுத்திவிடும்.

பாம்பைத் திட்டி மூன்று கடிதம் வந்திருக்கிறது. பாம்பு அதன் வயிற்றைத்தான் பார்த்தது. சரக்கை இறக்கும்போது கவனிக்காதது மனிதர்கள். இன்றைக்கு குவாமிலிருந்து வெளியே போகும் சரக்கை மோப்ப நாய்களை விட்டுச் சோதிக்கிறார்கள், அடுத்த தீவுக்குப் போய்விடக் கூடாது என்று.

கேள்வி: செத்த எலிக்குள் பாரசிட்டமால் வைத்து ஹெலிகாப்டரிலிருந்து போடுகிறார்களாமே, உண்மையா? – மருந்தாளுநர், விருதுநகர்

உண்மைதான். 80 மில்லிகிராம் போதும், பழுப்பு மரப்பாம்பு இறந்துவிடும். நம் வீட்டு 500 மில்லிகிராம் மாத்திரையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய்விடுகிறது. பெரும்பாலான பாம்புகள் உயிருள்ள இரையைத்தான் விரும்பும். இது செத்ததையும் தின்னும், அதனால்தான் இந்த வழி பலிக்கிறது. செத்த எலிக்குஞ்சோடு ஒரு காகித நாடாவைக் கட்டி மேலேயிருந்து போடுவார்கள். நாடா கிளையில் சிக்கிக்கொள்ளும், இரை தரைக்கு வராமல் பாம்பு நடமாடும் உயரத்திலேயே தொங்கும். தரையில் விழுந்தால் நண்டும் மற்ற பிராணிகளும் தின்றுவிடுமே, அதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு. 2013-ல் குவாமின் ஆண்டர்சன் விமானப்படைத் தளத்தில் இப்படி 2,000 எலிகளைப் போட்டார்கள்.

இதனால் தீவு முழுக்கப் பாம்பு ஒழிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஆனால் வேலி போட்ட ஒரு துண்டுக் காட்டில் குறைக்க முடியும். அதே தளத்தில் சுமார் 55 ஹெக்டேர் காட்டைப் பாம்பு ஏற முடியாத வேலியால் அடைத்து, உள்ளே இருப்பவற்றைத் தீர்க்கும் வேலை நடக்கிறது. சிஹெக் என்றைக்காவது குவாமுக்குத் திரும்பினால் அது இப்படி ஒரு காட்டில்தான் தொடங்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: கடைசியாக மிஞ்சிய பறவைகளையும் பிடித்துக் கூண்டில் அடைத்தார்களே, அதை எப்படி நீங்கள் பாராட்டி எழுதலாம்? காட்டில் பிறந்தது காட்டிலேயே சாவதுதானே நியாயம்? – வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் கோபம் புரிகிறது. கூண்டுப் பறவையைப் பார்த்தால் எனக்கும் மனசு கனத்துப்போகும். ஆனால் இந்த விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக என்னால் முடியவில்லை.

1984-லிருந்து 1986 வரைக்கும் குவாம் காட்டிலிருந்து பிடித்து அமெரிக்காவின் உயிர்க்காட்சிசாலைகளுக்குக் கொண்டுபோனவை மொத்தம் 29 பறவைகள். அவ்வளவுதான் கைக்குக் கிடைத்தது. இன்று உலகத்தில் இருக்கும் ஒவ்வொரு சிஹெக்கும், சுமார் 140 இருக்கும், அந்த 29-ன் வழித்தோன்றல்கள்தான். அதே குவாமில் ஈபிடிப்பான் ஒன்று இருந்தது, உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அதைப் பிடித்து வளர்க்க ஆரம்பிப்பதற்குள் தீர்ந்துபோனது. 1984-க்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. இரண்டு பறவைக்கும் ஒரே தீவு, ஒரே பாம்பு. ஒன்றைப் பிடித்தார்கள், இன்னொன்றைப் பிடிக்க முடியவில்லை. காட்டிலேயே சாவது என்று நீங்கள் சொல்வது ஒரு தனிப் பறவைக்குப் பொருந்தலாம். இனமே அற்றுப்போவதற்கு அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிடித்ததோடு வேலை முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். கூண்டில் சிஹெக்கை வளர்ப்பது லேசான காரியமே இல்லை. தன் எல்லைக்குள் இன்னொன்று வந்தால் பொறுக்காத பறவை இது. ஆணையும் பெண்ணையும் சேர்த்து விட்டால் சில சமயம் ஒன்றையொன்று குத்திக் காயப்படுத்திவிடும். ஜோடி சேர வேண்டுமானால் இரண்டும் சேர்ந்து பொந்து தோண்ட வேண்டும், அதற்கு உளுத்துப்போன மரத்துண்டு வேண்டும். மரங்கொத்தி மாதிரித் தொற்றிக்கொண்டு கொத்தத் தெரியாது. தூரத்துக் கிளையிலிருந்து அம்பு மாதிரிப் பறந்து வந்து அலகால் மரத்தில் ஒரு இடி. திரும்பிப் போய் உட்காரும், மறுபடி பறந்து வந்து அதே புள்ளியில் இடி. காலை வைத்து உட்காரும் அளவுக்குப் பள்ளம் விழுந்த பிறகுதான் உள்ளே உட்கார்ந்து துருவ ஆரம்பிக்கும். கெட்டியான மரத்தில் இது நடக்காது, மட்கி மெத்தென்று ஆன மரமாக இருக்க வேண்டும். பட்டுப்போன மரங்களைச் சுத்தம் பண்ணுகிறோம் என்று வெட்டித் தள்ளுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அப்புறம், சில ஜோடிகள் முட்டையிட்டாலும் சரியாக அடைகாக்காது. அப்போது முட்டையை எடுத்துப் பொரிப்பானில் வைத்து, கண் திறக்காத, ஒரு இறகும் இல்லாத குஞ்சுக்கு மணிக்கணக்குப் பார்த்து இடுக்கியால் இரையைத் துண்டு துண்டாக ஊட்ட வேண்டும். 40 வருடமாக, ஆள் மாறி ஆள் மாறி இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். எண்ணிக்கை வருடத்துக்கு இரண்டு மூன்று என்றுதான் ஏறியது, சில வருடம் இறங்கவும் செய்தது.

கேள்வி: குவாம் பறவையைக் கொண்டுபோய் பல்மைரா என்ற வேறொரு தீவில் விட்டிருக்கிறார்கள். அங்கே இது வந்தேறிதானே? பாம்பு செய்ததை நாளைக்கு இந்தப் பறவை அங்கே செய்யாதா? – கல்லூரி மாணவர், திருச்சி. (கூண்டில் வளர்ந்த பறவைக்கு வேட்டையாடத் தெரியுமா என்று இன்னும் ஆறு பேர் கேட்டிருக்கிறீர்கள்.)

இந்தக் கேள்வி கேட்க வேண்டிய கேள்விதான். சம்பந்தப்பட்டவர்களும் இதைக் கேட்டுக்கொண்டுதான் இறங்கினார்கள். 140 பறவைகளையும் கூண்டிலேயே வைத்திருந்தால் தலைமுறைக்குத் தலைமுறை காட்டுப் புத்தி மங்கிக்கொண்டே போகும். குவாமிலோ பாம்பு அப்படியே இருக்கிறது. ஆகவே பாம்பில்லாத, எலியில்லாத, மனிதர் அதிகம் போகாத ஒரு இடம் தேவைப்பட்டது. பல்மைரா ஹவாய்க்குத் தெற்கே சுமார் 1,600 கி.மீ. தள்ளி இருக்கும் பவளத்தீவு, வனவிலங்குப் புகலிடம். குவாமிலிருந்து கிட்டத்தட்ட 6,000 கி.மீ. கிழக்கே. பல்லி இருக்கிறது, பூச்சி இருக்கிறது, சிலந்தி இருக்கிறது. அங்கிருந்த எலிகளை 2011-லேயே ஒழித்துவிட்டார்கள். அங்கே விடுவது சின்ன எண்ணிக்கைதான். ஒவ்வொன்றுக்கும் ரேடியோ பட்டை கட்டித் தொடர்ந்து கவனிக்கிறார்கள். யாருக்கும் தெரியாமல் சரக்கோடு வந்து இறங்கிய பாம்போடு இதை ஒப்பிட முடியாது. ஆனாலும் கண்காணிப்பை விட்டுவிடக் கூடாது என்ற உங்கள் கவலை நியாயமானது, நானும் அதையேதான் சொல்வேன்.

பல்மைரா என்றதும் நமக்குப் பனைமரம் நினைவுக்கு வரும். 1802-ல் அங்கே விபத்தில் சிக்கிய பல்மைரா என்ற கப்பலின் பெயர்தான் தீவுக்கு வந்தது. அங்கே உபத்திரவம் செய்வது தென்னை. ஒரு காலத்தில் தோப்பாக நட்டது பரவி உள்ளூர் மரங்களை நெருக்கிவிட்டதால் தென்னையைக் குறைத்துப் பழைய காட்டை மீட்கிறார்கள். அந்தப் பழைய காட்டின் பெரிய மரம் எது தெரியுமா? நம் வீட்டு வாசலில் இளம்பச்சை இலையோடு நிற்கும் லச்சகொட்டைக் கீரை மரம்தான், அதன் காட்டு வடிவம். அது வானுயர வளர்ந்து கடற்பறவைகள் கூடு கட்டும் காடாக நிற்பதைப் படத்தில் பார்த்தபோது எனக்கு எங்கள் பாட்டி வீட்டு முற்றம் ஞாபகத்துக்கு வந்தது.

சரி, பறவைக்கு வருவோம். பல உயிர்க்காட்சிசாலைகளில் இட்ட முட்டைகளைக் கான்சாஸ் மாநிலம் விசிட்டாவில் இருக்கும் செட்விக் கவுண்டி உயிர்க்காட்சிசாலைக்குக் கொண்டுவந்து பொரித்து, குஞ்சுகளைக் கையாலேயே வளர்த்தார்கள். ஒன்பது குஞ்சுகள்: ஐந்து ஆண், நாலு பெண். 2024 ஆகஸ்டில் விமானத்தில் பல்மைரா. உடனே திறந்துவிடவில்லை. காட்டுக்குள்ளேயே கட்டிய பறவைக்கூடங்களில் சில வாரம் வைத்து, அந்த மண்ணின் பல்லியையும் பூச்சியையும் பிடிக்கப் பழக்கி, செப்டம்பரில்தான் கதவைத் திறந்தார்கள். லண்டன் விலங்கியல் கழகம், குவாமின் வேளாண் துறை, அமெரிக்க மீன் – வனவிலங்குச் சேவை, நேச்சர் கன்சர்வன்சி எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது.

ஆறு பேரின் சந்தேகத்துக்கும் அந்தப் பறவைகளே பதில் சொல்லிவிட்டன. தாயோ தகப்பனோ வேட்டையாடிப் பார்த்திராத குஞ்சுகள் தாமாகவே இரை தேடிப் பிழைத்தன. அதற்கு மேல், 2025-ல் ஜோடி சேர்ந்து, மரத்தில் பொந்து தோண்டி, முட்டையும் இட்டன. அப்போது அவற்றுக்கு வயசு ஒன்றுதான். காட்டில் சிஹெக் முட்டையிட்டுக் கிட்டத்தட்ட 40 வருடமாகியிருந்தது. முதல் ஈட்டில் முட்டை பொரியாமல் போவது பறவைகளில் சகஜம், அதனால் குஞ்சு எங்கே என்று அவசரப்பட வேண்டாம். முட்டையிட்டதே பெரிய விஷயம். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

கேள்வி: இப்படிக் கூண்டிலிருந்து திரும்பிய பறவை வேறு உண்டா? – வாசகி, யாழ்ப்பாணம்

குவாமிலேயே உண்டு. கோகோ என்ற பறக்காத பறவை, நம்மூர்க் கானாங்கோழிக்கு உறவு. அதையும் 1980-களில் பிடித்து வளர்த்து, ரோட்டா தீவிலும், குவாமுக்குத் தெற்கே ஒட்டினாற்போல் இருக்கும் சின்ன கோகோஸ் தீவிலும் விட்டார்கள். 2019-ல் "காட்டில் அற்றுப்போனது" என்ற பட்டியலிலிருந்து அதை எடுத்தார்கள். கலிபோர்னியா காண்டோர் கழுகுக்கு அடுத்து இந்த மாதிரிப் பட்டியலிலிருந்து மீண்ட இரண்டாவது பறவை. ஆனால் 2020-ல் அந்தக் கோகோஸ் தீவிலும் பழுப்பு மரப்பாம்பு கண்ணில் பட்டுவிட்டது. உடனே பொறி வைத்துப் பிடிக்க ஆரம்பித்தார்கள். இந்த வேலையில் அப்பாடா என்று உட்கார முடிவதில்லை.

கேள்வி: நம் காட்டில் மீன்கொத்தி இருக்கிறதா? அதற்கு ஆபத்து உண்டா? என்னால் செய்யக்கூடியது ஏதாவது? – வாசகர், தென்காசி

உங்கள் ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் தெரிகிற மலையிலேயே இருக்கிறது. மேற்குத்தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளிலும் இலங்கையிலும் வாழும் குட்டி மீன்கொத்தி, நம் உள்ளங்கைக்குள் அடங்கும், 13 செ.மீ.தான். பவழ நிற அலகு, மஞ்சள் வயிறு, ஊதா கலந்த முதுகு, காலில் மூன்றே விரல். நிழலடர்ந்த ஓடையோரத்தில் ஒரு நொடி மின்னிவிட்டுப் போய்விடும். சிஹெக் மாதிரி அழிவின் விளிம்பில் இல்லை. ஆனால் காடும் ஓடையும் இருந்தால்தான் இருக்கும். இரவில் வலசை போகிற பழக்கம் இதற்கு உண்டு, மலேசியா, சிங்கப்பூர்ப் பக்கமெல்லாம் கண்ணாடிக் கட்டடங்களில் மோதிச் சாவதும் நடக்கிறது.

இது மரத்தில் பொந்து தோண்டுவதில்லை. மழைக்காலத்தில் ஓடையோர மண்கரையில் ஒரு சின்னச் சுரங்கம் தோண்டி முட்டையிடும். அந்த மண்கரையைச் சமன்படுத்திச் சிமெண்ட் பூசிவிட்டால் வீடு போச்சு. கூடு இருக்கிறது என்று தெரிந்தவுடன் கேமராவோடு பத்துப் பேர் போய் நின்றாலும் தாய் இரையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போகத் தயங்கும், குஞ்சு பசியோடு கிடக்கும். நீங்கள் செய்யக்கூடியது இதுதான்: உங்களுக்குத் தெரிந்த கரை இருந்தால் இடத்தை யாரிடமும் சொல்லாதீர்கள், படம் போட்டாலும் ஊர் பெயர் போடாதீர்கள், கரையில் வேலை வரப்போவதாகத் தெரிந்தால் மழைக்காலம் முடியும்வரை தள்ளிவைக்கச் சொல்லி ஊராட்சியில் முன்கூட்டியே கேளுங்கள். குஞ்சு பறந்த பிறகு போய்ப் பாருங்கள், கட்டைவிரல் நுழையும் அளவுக்கு அந்த ஓட்டை கரையில் அப்படியே இருக்கும்.